தானாக மாறிய தேதி

நாவலூர் அலுவலகத்தில் ஃபாயிசாவுக்கு ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட் பதிவுத் தளத்தைப் புதிதாக வடிவமைக்கும் வேலை. ஜனங்கள் எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்க, ஆட்களை வரவழைத்துப் பழைய தளத்தில் டிக்கெட் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பாள். அப்படித்தான் அந்தக் கோளாறு கண்ணில் பட்டது. இடமில்லை என்று வந்ததும் முந்தைய பக்கத்துக்குத் திரும்பி வேறு விமானம் தேடினால், பயணத் தேதி தானாக ஒரு வாரம் தள்ளிப்போய்விடும். தேதி இருந்ததோ பொடி எழுத்தில். வந்தவர்களில் பாதிப்பேர் கவனிக்காமல் பணம் கட்டும் பக்கம் வரை போனார்கள்.

மேலாளர் ஜெயகிருஷ்ணனிடம் வீடியோவைக் காட்டினாள்.

"இதை மட்டுமாவது இப்பவே சரி பண்ணச் சொல்லலாம் சார்."

"பழைய சைட்ல யாரும் கை வைக்க மாட்டாங்கம்மா. புதுசு வந்தா எல்லாம் சேர்ந்து சரியாயிடும்."

புதுசு வரவில்லை. விமான எரிபொருள் விலை எகிறிய 2008 அது. அந்த நிறுவனம் ஒப்புதலைத் தள்ளிக்கொண்டே போனது.

ஆகஸ்டில் ஒரு நாள் காலை, செம்பாக்கம் வீட்டில், அத்தா என்று அவள் அழைக்கும் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், வரவேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். ஃபாயிசா ஷார்ஜாவிலிருந்த அண்ணன் முனீருக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கே கெளம்பிடறேன். அத்தாகிட்ட சொல்லு."

கொஞ்ச நேரத்தில், டிக்கெட் போட்டாச்சு என்று மெசேஜ் வந்தது. அத்தாவின் காதருகே குனிந்து, "அண்ணன் காலைல வந்துடும் அத்தா" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

பொழுது சாய்ந்தபின் மறுபடியும் முனீர்.

"ஃபாயி, ஏர்போர்ட்ல உள்ள விட மாட்டேங்கறாங்க. டிக்கெட் அடுத்த வாரத்துக்காம். நான் இன்னைக்குன்னுதான் போட்டேன். மொத ஃபிளைட்ல சீட் இல்லன்னு வந்துச்சு, திரும்பப் போயி அடுத்தது எடுத்தேன்."

எந்தக் கம்பெனி விமானம் என்று கேட்டாள். அவள் சோதித்துப் பார்த்த அதே நிறுவனத்தின் பெயரைச் சொன்னான்.

வேறெதிலும் இடம் கிடைக்கவில்லை. விடிவதற்குள் அத்தா மௌத்தானார். மய்யித்தை வைத்திருக்க வேண்டாம் என்று பள்ளிவாசல் ஜமாத்தார் சொல்ல, அன்று மாலை அஸர் தொழுகைக்குப்பின் அடக்கம் முடிந்தது. மறுநாள் வந்த முனீருக்குக் கபரின் ஈரமண்தான் பார்க்கக் கிடைத்தது.

"அவசரத்துல நான்தான் சரியா பாக்கலம்மா" என்று அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதான். ஃபாயிசாவால் தாங்க முடியவில்லை.

"உன் தப்பு இல்லண்ணா. அந்த சைட்டே அப்படித்தான். தேதி தானா மாறிடும். நாங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தோம்."

முனீர் நிமிர்ந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் பாக்கற வேலையே அதுதாண்ணா."

"அப்போ டிக்கெட் போடறேன்னு சொன்னப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அத்தா கிடந்த கோலத்தில் அது அவள் நினைவிலேயே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேலைக்குத் திரும்பியதும் ஜெயகிருஷ்ணன் துக்கம் விசாரித்துவிட்டு, புராஜெக்டை நிறுத்திவிட்டார்கள் என்றார்.

"அந்தத் தேதியை மட்டும் மாத்தச் சொல்லுங்க சார்" என்று கெஞ்சினாள்.

"யார்கிட்டம்மா சொல்றது? நமக்குத் தெரிஞ்ச ஆளுங்க யாரும் இப்ப அங்க வேலைல இல்ல."

முனீர் ஷார்ஜாவுக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டான். தங்கை நின்ற பக்கம் திரும்பாமல் காரில் ஏறினான். அதன்பிறகு அவன் போன் அம்மாவுக்குத்தான் வரும். பேசி முடிக்கும்போதெல்லாம் அம்மா, "ஃபாயிசா இங்கதான் இருக்கா, குடுக்கட்டுமா?" என்பாள். அதற்குள் அவன் வைத்துவிட்டிருப்பான்; அம்மாவும் போனைக் கீழே வைப்பாள்.