நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

எடிட்டரிடமிருந்து திரும்பி வந்த பிரதியில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிகள். மெக்கானிக் பொறுத்துக்கொண்டார். முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவருக்கு, கோளாறு இருக்கும் இடத்தில் சரியாகக் கை வைக்கும் ஆள்மீது மரியாதை உண்டு. இறந்துபோன மனைவியைப் பற்றி அவர் எழுதிய முதல் புத்தகம் அது. ‘இதே சொல் மூன்று முறை’, ‘இந்தப் பத்தி வேண்டாம்’ என்பதற்கெல்லாம் தலையாட்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் கை நின்றது. ‘அவள் போகும்போது கையைப் பிடித்தபடி அருகில் இருந்தேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்: ‘மற்ற பக்கங்களில் தையல் மெஷின், குழாய், கதவு எல்லாம் சத்தம் போடுகின்றன. இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் எங்கே நின்றிருந்தீர்கள்?’

அவருக்குக் காது சுட்டது. முன்பின் பார்க்காத அந்த எடிட்டர் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? அன்றைக்கு அந்த அறையில் இருந்தவள் மனைவியின் தங்கை ஒருத்திதான். பிரதியைத் தட்டச்சு செய்து எடிட்டருக்கு அனுப்பியவளும் அவளே. அந்தப் பக்கத்தை அடித்தபோது வாயே திறக்கவில்லை. போன வாரம் மட்டும் இரண்டு தடவை, “எடிட்டர் ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள். எதற்காம்?

போன் போட்டார்.

“எடிட்டர்கிட்ட என்னம்மா சொன்னே?”

“என்னத்த சொன்னேன்?”

“தெரியாத மாதிரி பேசாதே. நான் பக்கத்துல இல்லைன்னு சொல்லியிருக்கே.”

“உங்ககிட்டயே நான் கேக்கல. அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுவேனா? அத்தான், பொய் சொல்றதுக்கும் தொழில் தெரியணும். உங்களுக்கு லிஃப்ட் மட்டுந்தான் தெரியும்.”

அவரால் சிரிக்க முடியவில்லை. மனைவி படுத்திருந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நிற்கும்போது கிறீச்சிட்டது. மூன்று நாள் அதைக் கேட்டுக்கொண்டே கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள், ‘அஞ்சே நிமிஷம்’ என்று எழுந்து, காவலாளியிடம் சாவி வாங்கி, மொட்டைமாடி மெஷின் அறைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை, அவராகத்தான் போனார். பிரேக்கைச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்தபோது, அறை வாசலில் தங்கை நின்று அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு வருஷமாகக் கேட்காததைக் கேட்டார். “அக்கா என்னைத் தேடினாளா?”

“கிறீச் சத்தம் நின்னதும் கண்ணத் திறந்தா. ‘பாருடி, உன் அத்தான் சரி பண்ணிட்டார்’னா. அவ்வளவுதான்.”

“இத ஏன் இத்தனை நாள் சொல்லல?”

“நீங்க கேட்டாத்தானே.”

போனை வைத்த பிறகும் மனசு ஒப்பவில்லை. ரெடியாக வைத்திருந்தது போலச் சொன்னாளே. ஆறுதலுக்காகக் கட்டியதோ? பொய்த் தொழில் தெரிந்தவள் அவளாகவும் இருக்கலாம்.

பென்சிலை எடுத்துப் பழைய வரியை அடித்தார். ‘நான் மேலே இருந்தேன்’ என்று எழுதினார். அதன் கீழே, மனைவி சொன்னதாகத் தங்கை சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல் எழுதினார். ஓரத்தில், எடிட்டர் போடுவது போலவே, சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

பிறகு ரப்பரை எடுத்து அந்தக் கேள்விக்குறியின்மேல் வைத்தார். தேய்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் எங்கோ கீழே சத்தமில்லாமல் வந்து நின்றது.