சாம்பிள் ஃபிளாட்டில் ஒரு ஃபிளஷ் சோதனை

புனேயின் பாணேர் சாலையில் இந்த மூன்று மாதத்தில் பதினொரு வீடு பார்த்துவிட்டேன். ஒன்றையும் வாங்கும் உத்தேசம் இல்லை. எனக்கு வேண்டியது அந்த வீடுகளின் பாத்ரூம் மட்டும்தான்.

சிரிக்காதீர்கள். எனக்கு ஆபீஸ் ஹிஞ்சேவாடியில், வீடு கராடியில். ஸ்கூட்டரில் இரண்டு மணி நேரம், மழை பெய்தால் மூன்று. வழியில் ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது, பெண்களுக்கு மன உறுதி இருக்கிறது. அந்த உறுதியை நம்பி மதியத்துக்கு மேல் தண்ணீரே தொடாமல் இருந்ததில், நான்கு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. சொட்டுச் சொட்டாகப் போகும், மிளகாய்ப் பொடி பட்ட மாதிரி எரியும். சேலத்திலிருந்து அம்மா போனில், "சூடுதான்டி, கால் கட்டை விரல்ல சுண்ணாம்பு தடவு" என்றாள். தடவினேன். விரல் வெளுத்தது, எரிச்சல் அப்படியே இருந்தது.

முதல் முறை டாக்டர் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார். எரிச்சல் நின்றதும் இரண்டாம் நாளே நிறுத்தி, மிச்சத்தைப் பத்திரப்படுத்தினேன். சிக்கனமாம்! இரண்டாம் முறை அந்த மிச்சத்தை நானே வைத்தியம் பார்த்து விழுங்கினேன். மூன்றாம் முறை குளிர் காய்ச்சல், முதுகில் வலி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். அடக்காதே, தண்ணீர் குடி, மாத்திரையைப் பாதியில் விடாதே, சோதிக்காமல் எதையும் விழுங்காதே என்று டாக்டரம்மா விளாசினார். தாம்பத்தியத்துக்குப் பிறகும் ஒரு முறை போய்விட்டு வர வேண்டும் என்றபோது, என் கணவர் பாஸ்கர் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் உண்மையிலேயே பயம். நான்காவது முறை வரவே கூடாது.

தண்ணீர் குடித்துவிடலாம். எங்கே போவது? அப்போதுதான் சாம்பிள் ஃபிளாட்டுகள் கண்ணில் பட்டன. கட்டி முடியாத கட்டடத்தில், வாங்க வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று ஒரு வீட்டை மட்டும் சோபாவும் திரைச்சீலையுமாக ஜோடித்து வைத்திருப்பார்கள். ஏ.சி., ஜூஸ், கமகமக்கும் பாத்ரூம். சிலதில் குழாய் வெறும் காட்சிக்குத்தான், தண்ணீர் வராது; முதலில் திறந்து பார்த்துவிட வேண்டும். என் பெயர் பவுன். அதற்குத் தங்கம் என்று அர்த்தம் சொன்னால் போதும், விற்பனைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

ஆனால் மூன்று தடவைக்கு மேல் எவனும் ஏமாறுவதில்லை. பத்து இடம் கைவிட்டுப்போய், பதினொன்றாவதுதான் மிச்சம். அங்கே நான்காவது தடவையாகப் போனேன். "புக்கிங் எப்போது மேடம்?" என்று மேனேஜர் ஷ்ரேயஸ் ஹிந்தியில் கேட்ட தோரணையே சரியில்லை. லிஃப்டில் கூட வந்தது விற்பனைப் பெண் எஸ்தர். அந்த நேரம் பார்த்து பாஸ்கரின் போன்.

"வந்தர்றேங்க. பாத்ரூம் போயிட்டுக் கெளம்பறேன். வீடா? அதை யாரு வாங்கறது!"

எஸ்தர் திரும்பினாள். "அக்கா, நானும் தமிழ்தான். இங்க கட்கிலதான் வளந்தேன். அப்பா அங்க ஆயுத ஃபேக்டரில இருந்தாரு."

போச்சு. இந்தச் சாலையில் எனக்கென்று இருந்த கடைசிப் பாத்ரூமும் போச்சு.

"டென்ஷன் வேணாம்க்கா, சார்கிட்ட சொல்ல மாட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கும் எரியுதா?"

'உங்களுக்கும்' என்றதில் என் பயம் போய்விட்டது. விசாரித்தேன். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை அவளுக்கு நின்றபடியே வேலை. சாம்பிள் ஃபிளாட் பாத்ரூம் கஸ்டமருக்கு மட்டும், ஊழியர் தொடக் கூடாது. அவர்களுக்கு என்று இருப்பது பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை.

"ரெண்டு நாளா இப்படித்தான். பக்கத்து வீட்டு ஆன்டி பழைய கோலி, அதான்க்கா மாத்திரை, ரெண்டு குடுத்தாங்க, சாப்பிட்டேன்."

"காய்ச்சல் இருக்குதா?"

"இன்னும் இல்லக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் பூராவும் அந்த வீட்டின் மூன்று பாத்ரூமின் பெருமையை விளக்குகிறவளுக்கு ஒன்றுக்குள்ளும் போக உரிமை இல்லையாம்! ஷ்ரேயஸை மேலே வரச் சொன்னேன்.

"என் மாமியார் ஹாலில்தான் படுப்பார். ஃபிளஷ் சத்தம் கேட்டால் விழித்துவிடுவார்" என்று ஹிந்தியில் அளந்துவிட்டேன். செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது, பாவம். "இந்தப் பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளட்டும். நிதானமாக ஃபிளஷ்ஷை அழுத்தட்டும். நாம் வெளியே நின்று கேட்போம்."

"எஸ்தர், ஜா, ஜா!" என்று அவனே துரத்தினான்.

கதவு மூடியது. ஒரு நிமிடம் போனது. பிறகு உள்ளேயிருந்து, பல்லைக் கடித்து அடக்கிய ஒரு "ஸ்ஸ்". எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"ஏதோ கேட்டது மேடம்" என்று ஷ்ரேயஸ் கவலைப்பட்டான்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றேன். "அருமையான கதவு."

எஸ்தர் வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. அடுத்தது நான் உள்ளே போனேன். மறுநாள் காலையில் அவளை ஸ்கூட்டரில் வைத்து என் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். ஆன்டியின் கோலியையும் மறைக்காமல் சொல்லவைத்தேன். முதலில் சோதனை, பிறகு மாத்திரை. ஐந்து நாளும் அட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி உயிரை வாங்கினேன்.

நான் வீடு வாங்கவில்லை. ஷ்ரேயஸுக்கு அந்த வருத்தம் பெரிதாக இல்லை. அவனுக்கு அந்தச் சோதனை பிடித்துப்போய்விட்டது. இனி வீடு பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் எஸ்தர் உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டு, நிதானமாகச் செய்து காட்ட வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தரிடமிருந்து குரல் செய்தி வந்தது: "அக்கா, இன்னிக்கு ஏழு ஃபேமிலி. பாட்டில் தண்ணி மூணு தடவ காலி!"