இரண்டுக்குப் பூச்சியம்

வியாழக்கிழமை, விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம். மீராசாஹிபு பள்ளிவாசலிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றியபோது முன் அறையில் மருமகன் ஜவுபர் தொழுதுகொண்டிருந்தான். கதவு பாதி திறந்திருந்தது.

தொழுகையின் கடைசி இருப்பில் இருந்தான். வலது காலை மடக்கவில்லை. முன்னால் நீட்டியிருந்தான். முழங்கால் இருக்கும் இடத்தில் சாரன் புடைத்திருந்தது. உள்ளே துணி சுற்றியிருக்க வேண்டும். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு எழும்பப் பார்த்தான். முடியவில்லை. சுவரில் கையை ஊன்றி இரண்டாம் தரம் எழும்பினான்.

மாப்பிள்ளை இருக்கும் அறைக்குள் நுழைய முன் மீராசாஹிபு ஒருமுறை இருமுவார். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அது அவர் வழக்கம். அன்று இருமவில்லை. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கிணற்றடிப் பக்கமாகச் சுற்றிப் பின்கதவால் உள்ளே போனார்.

மருமகன் சில நாட்களாகப் பள்ளிவாசலுக்கு வராதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சளி, தடிமன் என்று மகள் றபீக்கா சொல்லியிருந்தாள்.

வெள்ளாமை வெட்டி முடிந்தால் அந்தக் கரையில் கிண்ணங்களின் காலம். பொத்துவிலில் ஒன்று, அக்கரைப்பற்றில் ஒன்று, நிந்தவூரில் ஒன்று. ஒவ்வொரு ஊரும் ஒரு காற்பந்துக் கிண்ணம் வைத்து மற்ற ஊர்களை அழைக்கும். வென்றவனைத் தோளில் தூக்கும். தோற்றவனுக்கு அடுத்த வருடம் வரை தாங்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கும். எல்லாம் முடிந்தபின், அதிகம் வென்ற இரண்டு அணிகள் கல்முனை மைதானத்தில் மோதும். அதில் வெல்வதுதான் கரையின் சம்பியன். எண்பத்திரண்டில் அந்த இரண்டு அணிகள் கல்முனையும் மருதமுனையும்.

மீராசாஹிபு பந்தை உதைத்தவரில்லை. கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தார். கடை வாசலில் ஒரு கரும்பலகை. பெருநாள் உடுப்புக்கு எந்த நாள் வரை துணி எடுப்போம் என்று எழுதுவதற்காக வாங்கியது. ஒரு வருடம், விளையாட்டாக, இறுதி ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே அதில் எழுதினார். பலித்தது. அடுத்த வருடமும் பலித்தது. பிறகு பலகையைப் பார்க்காமல் மைதானத்துக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பின் எழுதுவார். ‘பலகை என்ன சொல்லுது?’ என்று ஊர் கேட்கும். அவருடைய பெயரைக் கூட யாரும் சொல்வதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடம் பலகை தேவையில்லை என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜவுபர் மருதமுனையின் முன்வரிசை ஆட்டக்காரனாக இருந்தவன். மாரி வெள்ளாமை விதைத்த கையோடு றபீக்காவைக் கல்யாணம் முடித்தான். முடித்தவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பது அந்தக் கரையின் வழக்கம். வீடு பெண்ணுக்குரியது. வந்து இருக்கும் ஊருக்கு விளையாடுவதும் வழக்கம்தான். பொத்துவிலிலும் நிந்தவூரிலும் கல்முனைக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவன் அவன். மருதமுனைக்கு எதிராக மட்டும் இன்னும் ஆடவில்லை.

அஸருக்குப் பின் கடை வாசலில் கூட்டம் நின்றது. தபால் கந்தோரில் வேலை செய்யும் தங்கத்துரை கால்சட்டை வாங்க வந்தவர். வாங்கிய பின்னும் போகவில்லை.

“சாஹிபு, மருமகனுக்கு எத்தின கோல் எழுதப் போறீங்க? மூணுக்குக் குறைச்சா இண்டைக்கு உங்கட மனிசி சோறு தரமாட்டா.”

“இப்பவும் மாப்பிள திண்ட மிச்சம்தான் அவருக்கு,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரித்தார்கள். மீராசாஹிபும் சிரித்தார். துணியில் கோடு போடும் வெண்கட்டியை எடுத்தார்.

காலையிலிருந்து இதைத்தான் யோசித்திருந்தார். கல்முனை என்று எழுதினால் பலகை பொய்க்கும். மருமகனிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் நேரே கதைத்துக்கொள்வதில்லை. ‘மாப்பிளைக்கு மீன் போதுமா எண்டு கேளு’ என்று மனைவி சுஹறாவிடம் சொல்வார், மாப்பிள்ளை முன்னால் இருக்கும்போதே. அணித் தலைவன் மசூரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்: பொடியனுக்குக் கால் சரியில்லை, வெளியே இருத்திவிடு. சின்ன வேலை. ஆனால் அதைச் சொன்னால் அணி மாறும், ஆட்டம் மாறும். நிச்சயமாக எழுத ஒன்றும் இருக்காது.

எழுதினார். மருதமுனை 2, கல்முனை 0.

யாரும் சிரிக்கவில்லை.

நெல் ஆலையில் லொறி ஓட்டும் மசூர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“என்ன காக்கா இது?”

“பலகை.”

“பலகை எண்டு எனக்கும் தெரியும். ஏன் எண்டு கேக்கிறன்.” குரலைத் தாழ்த்தினான். “மாப்பிள வீட்டில ஏதும் கதைச்சாரா? பெத்த உம்மாட ஊர் எண்டு மனம் இளகிட்டா?”

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பான். மீராசாஹிபு விரலில் ஒட்டிய தூளைத் தட்டினார்.

“பொறுத்துப் பாருங்க,” என்றார்.

மசூர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பதில் கிடைத்தவன் போலத் தலையை ஆட்டினான்.

ஜவுபர், தாய் வீட்டுத் தறியில் நெய்த சாரன்களைக் கல்முனைச் சந்தையில் விற்பவன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கலைந்ததும் அவன் கடைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்று சாரன்களைத் தடவிப் பார்த்தார்கள்.

“இது எந்த ஊர் நெசவு தம்பி?”

“மருதமுனை.”

“காலும் அந்த ஊர் நெசவுதானாம். பலகை சொல்லுது.”

அவன் கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். சுஹறா சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“மகன், சோறு ஆறுது.”

“பசியில்ல மாமி.”

அடுத்த அறையில் மீராசாஹிபு இருமினார். பிறகு, இங்கே கேட்கும்படி, “நாளைக்கு விளையாட ஏலாட்டி ஏலாது எண்டு சொல்லச் சொல்லு,” என்றார்.

“விளையாடாம இருந்தா, எழுதினது சரி எண்டு ஆகிரும் எண்டு சொல்லுங்க மாமி,” என்றான் ஜவுபர்.

சுஹறா நடுவில் நின்றாள். யார் சொன்னதையும் யாருக்கும் சொல்லவில்லை.

சனிக்கிழமை முதல் பாதியில் ஜவுபரிடம் பந்து வரவில்லை. மசூர் கொடுக்கவில்லை. ஜவுபர் கையைத் தூக்கிக் கேட்டபடி ஓடினான். வலது காலைத் தரையில் வைக்கும்போதெல்லாம் அவன் தோள் கொஞ்சம் சாய்ந்தது. மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரில் அதன் காரணம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் நின்றார்.

இரண்டாம் பாதியில் மருதமுனை ஒரு கோல் போட்டது. அதன் பிறகு, யாரோ உதைத்த பந்து தவறி ஜவுபரின் காலடியில் விழுந்தது. வலைக்கு முன்னால் காவலாளி மட்டும். வலது காலால் அடிக்கிறவன், இடது காலால் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் போனது.

“விட்டுக் குடுக்கிறான்டா!”

ஜவுபர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தான்.

“எழும்பு மாப்பிள, உம்மா பாத்துக்கொண்டு இரிக்கா!”

“நடிப்பு! நடிப்பு!”

ஒரு செருப்பு வந்து அவன் முதுகில் பட்டது. மீராசாஹிபு மைதானத்துக்குள் ஓரடி வைத்தார். பிறகு காலை எடுத்துவிட்டார். மருதமுனை இரண்டாவது கோலையும் போட்டது.

விசில் ஊதியதும் ஆட்கள் அவரைச் சூழ்ந்தார்கள். தோற்ற ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் தோளில் தட்டினார்கள். “பலகை எண்டா பலகைதான்!” என்றார் தங்கத்துரை. “ரெண்டுக்குப் பூச்சியம். அச்சொட்டு!” மீராசாஹிபு சிரித்தார். சிரித்த முகத்தோடு நிமிர்ந்தபோது, மைதானத்தின் மறுபக்கத்தில் ஜவுபர் செருப்பில்லாமல் நின்று தன்னைப் பார்ப்பதைக் கண்டார்.

அன்று ஜவுபர் வீட்டுக்கு வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. மருதமுனையில் தாயின் வீட்டில் இருப்பதாகத் தகவல் வந்தது. திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண் உப்புக் கேட்டு வந்து, உப்பை வாங்கிக்கொண்டு, “மாப்பிள கடைக்குப் போயிட்டாரா?” என்று கேட்டாள். சந்தையில் அவன் கடை மூடிக் கிடப்பது அவளுக்குத் தெரியும். மாப்பிள்ளை தாய் வீட்டுக்குப் போய் ஒரு வெள்ளிக்கிழமை கடந்தால் அந்தக் கரையில் வேறு கதை தொடங்கிவிடும்.

றபீக்கா தகப்பனிடம் வந்தாள். அழுது முடித்த முகம்.

“ஏலாத காலோடதான் வாப்பா விளையாடின. நிந்தவூர் மெச்சில அடிபட்டது. ராவராவா எண்ணெய் போட்டு உரஞ்சினன். ஒருத்தருக்கும் சொல்லாத, உம்மாட ஊரோட விளையாடப் பயந்து ஒளிக்கிறான் எண்டுவாங்க எண்டு சத்தியம் வாங்கினவர்.”

“அப்பிடியா?” என்றார் மீராசாஹிபு.

சொன்னபின் அவளைப் பார்க்க முடியவில்லை. தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். ஊசி வெறும் தட்டில் இறங்கி ஏறியது.

“நீங்க போய்க் கூட்டி வாங்க வாப்பா. நீங்க நேர போனா வருவார். பலகையில சும்மா விளையாட்டுக்கு எழுதின எண்டு சொல்லுங்க. அவர் நம்புவார்.”

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சைக்கிளில் போனார். வழியில் ஒரு கடையிலிருந்து, “சாஹிபு, அடுத்த மழை எப்ப எண்டும் எழுதுங்க!” என்று கத்தினார்கள். மருதமுனைச் சந்தியில் சைக்கிளை மறித்தார்கள். “இந்தா, எங்கட ஊர் வெல்லும் எண்டு எழுதின மனிசன்!” ஒருவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தேநீர்க் கடையில் இருத்தினார். “சொந்த மருமகன் எண்டும் பாக்காமச் சொன்னாரு பாருங்க. அதுதான் நீதி.” அந்தத் தேநீரைக் கடைசிவரை குடிக்க வேண்டியிருந்தது.

ஜவுபரின் தாய் ஸைனம்பு கதிரையைத் துடைத்துப் போட்டாள். மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“இரிங்க காக்கா. ஊரெல்லாம் வேட்டுப் போட்டாங்க. இந்த வீட்டில ஒரு சிரிப்புச் சத்தம் கேக்கல்ல.”

ஜவுபர் கட்டிலில் இருந்தான். வலது காலுக்குக் கீழே தலையணை. ஸலாம் சொன்னான்.

“கால் எப்பிடி எண்டு கேளுங்க,” என்றார் மீராசாஹிபு, ஸைனம்புவைப் பார்த்து.

“நீங்களே கேளுங்க காக்கா. முன்னாலதானே இரிக்கான்.”

அவள் தேநீர் ஊற்ற உள்ளே போனாள். தறிக் கொட்டிலில் சத்தம் நின்றிருந்தது. மீராசாஹிபு வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனத்தை எடுத்தார்.

“மகன், அந்தப் பலகை… சும்மா விளையாட்டுக்கு எழுதினது.”

அவர் அவனிடம் நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை. ஜவுபர் அவரைப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

“நானும் அப்பிடித்தான் நினைச்சன் மாமா. ஆக்கள்தான் வேற மாதிரி எடுத்துட்டாங்க.” பிறகு, “றபீக்கா சாப்பிடுறாவா?” என்று கேட்டான்.

“இல்ல.”

“நாளைக்கு வாறன். பஸ்ஸில ஏறக் கால் மடங்கினாப் போதும்.”

அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஜவுபர் சுவரைப் பிடித்து எழும்பி, கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்தான்.

“நீங்க முன்னுக்கு நில்லுங்க மாமா.”

“வேணாம் மகன். நீ நில்லு.”

முன்னால் நின்று தொழுவிக்கத் தன்னால் முடியாது என்று அவருக்குத் தோன்றியது. ஜவுபர் தொழுவித்தான். மீராசாஹிபு வலது பக்கம், ஒரு சாண் பின்தள்ளி நின்றார். கடைசி இருப்பில் ஜவுபர் வலது காலை முன்னால் நீட்டினான். சாரன் விலகி முழங்கால் தெரிந்தது. கன்றிக் கறுத்து, தேங்காயளவு வீங்கியிருந்தது. நெற்றி வைத்து ஸஜ்தாச் செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய கண், அங்கே போய் நின்றுவிட்டது. எடுக்க முடியவில்லை.

ஸலாம் கொடுக்க ஜவுபர் வலது பக்கம் திரும்பினான். அந்தக் கண்ணைக் கண்டான்.

இடது பக்கமும் திரும்பி முடித்தான். பிரார்த்தனைக்குக் கை ஏந்தவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான். உள்ளே ஸைனம்பு கோப்பைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

“வியாழக்கிழமை சுபஹுக்கு வாசலில உங்கட செருப்புச் சத்தம் கேட்டது,” என்றான். “இருமல் கேக்கல்ல. அண்டைக்கும் இப்பிடித்தான் பாத்தீங்களா மாமா, நான் தொழக்குள்ள?”