செல்லத்தக்கவை

திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணி அறிக்கையிலயும் நகராட்சி டூட்டி ஆபீசர் ஸ்லாதினா அதே வரியத்தான் அடிச்சா. "நகரச் சாலைகள் குளிர்கால நிலைமைக்கு உட்பட்டு செல்லத்தக்கவை." வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ இதே வரிதான். பல்கேரியாவுல எந்த ஊர் நகராட்சிய எடுத்துக்கிட்டாலும் டிசம்பர் பொறந்தா இதத்தான் எழுதுவாங்க. செல்லத்தக்கவைன்னா யாரு செல்ல, எதுல செல்லன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. மேயர் கையெழுத்துப் போடுவாரு, தாள் மாவட்ட கவர்னர் ஆபீசுக்குப் போகும், அங்க கோப்புல சேரும், அவ்வளவுதான்.

ஆனா வெளியில என்ன நடக்குது பாருங்க. தோப்ருஜா சமவெளியில பனி மேலேர்ந்து விழறது கொஞ்சம்தான், காத்து கொண்டாந்து கொட்டறதுதான் ஜாஸ்தி. டானூப் ஆத்துப் பக்கத்துலேர்ந்து அடிக்கிற காத்து, வயக்காட்டுப் பனியெல்லாம் வாரிக்கிட்டு வந்து முதல்ல எந்தச் சுவரு கிடைக்குதோ அதுமேல சாத்திடும். கல்லறைத் தோட்டத்துக்கு அந்தாண்ட இருக்கிற மேட்டுத் தெருவுல வீட்டு வாசக்கதவே தெரியல. ஜன்னல் வழியாத்தான் போக்குவரத்து.

அந்தத் தெருவுலதான் நைதென் இருந்தாரு. அறுவடை மெஷின் ஓட்டி ரிட்டயர் ஆன மனுசன். அவரு பொண்டாட்டி தோச்காவுக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. செவ்வாய், வியாழன், சனின்னு வாரத்துக்கு மூணு நாள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போயி மெஷின்ல ரத்தத்த சுத்தம் பண்ணிக்கணும். கடைசியா போனது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலைல ஆம்புலன்ஸ் கல்லறை வளைவு வரைக்கும் வந்துச்சு, மூக்கு முட்ட பனிக்குள்ள மாட்டிக்கிச்சு, டிராக்டர் வச்சு இழுத்துத் திருப்பி அனுப்பினாங்க. ஞாயிறும் போச்சு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள கொண்டாந்துடுங்க, நாளைக்குன்னு என்கிட்ட சொல்லாதீங்கன்னு டாக்டரம்மா காலைல போன்ல சொல்லிட்டாங்க.

நைதென் அரை மணிக்கு ஒரு தடவ கூப்பிடுவாரு. கரண்ட் இல்ல, பழைய கார் பேட்டரில கம்பியச் சொருகி போனுக்குச் சார்ஜ் ஏத்திக்கிட்டிருந்தாரு. கத்த மாட்டாரு. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் டூட்டி அம்மா"ன்னுதான் ஆரம்பிப்பாரு. ஸ்லாதினா ஒவ்வொரு தடவையும் நேரத்தப் போட்டு நோட்டுல எழுதிக்குவா. மூணு நாளா அவ வீட்டுக்குப் போகல. ரெண்டு நாற்காலிய சேத்துப் போட்டு கோட்ட போத்திக்கிட்டு படுக்கறது, மணியடிச்சா எந்திரிக்கிறது.

ஒரு மணிக்கு நகராட்சி டிரைவர் ரெம்ஸி பனி தள்ளுற வண்டிய எடுத்துக்கிட்டு மேட்டுத் தெருவுக்குள்ள போனான். இருபது மீட்டர் போயிருப்பான், அச்சு முறிஞ்சு போச்சு. வயர்லெஸ்ல வந்தவன், அக்கா, இது பனி இல்ல, காங்கிரீட்டு, இதுக்குள்ள ராணுவத்தோட சங்கிலிச் சக்கர வண்டிதான் போகும், நம்மாளால ஆகாதுன்னுட்டான்.

உடனே கவர்னர் ஆபீசுக்குப் போன் போட்டா. அங்க டூட்டில இருந்தது லூபென், சின்ன வயசுதான், நல்ல புள்ளைதான். படையில ரெண்டு வண்டி தயாரா நிக்குதுக்கா, சொன்னா ஒரு மணி நேரத்துல அங்க இருக்கும்னான். ஆனா உங்க அறிக்கையப் பாருங்கன்னான்.

"செல்லத்தக்கவைன்னு நீங்களே எழுதி அனுப்பியிருக்கீங்க. போகக்கூடிய ரோட்டுக்கு ராணுவத்த எப்படிக்கா அனுப்புவேன்? செல்லத்தக்கவை அல்லன்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்க, கர்னல்கிட்ட நீட்டிடறேன்."

அதோட விடல அவன். நவம்பர்ல நீங்க கொடுத்த தாள்ல பனி தள்ளுற வண்டி அஞ்சு இருக்கே, அஞ்சு வண்டி வச்சுக்கிட்டு ஒரு தெருவத் தொறக்க முடியலையான்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்லட்டும்னு கேட்டான்.

அந்த அஞ்சு வண்டிய ஸ்லாதினாவுக்கு நல்லாத் தெரியும். நவம்பர்ல சதுக்கத்துல வரிசையா நிறுத்தி, பாதிரியார் துளசிக் கொத்த வெள்ளி வாளியில முக்கி ஒவ்வொரு வண்டி மேலயும் புனித நீர் தெளிச்சாரு. மேயர் ஜூரோவ் கேமராவப் பாத்து, குளிர்காலம் வரட்டும், நாங்க ரெடின்னாரு. அதுல ரெண்டு வண்டி பக்கத்து ஊர்லேர்ந்து பனி தள்ளுற வேலைய எடுத்த காண்டிராக்டர் ஒரு நாளைக்கு இரவல் வாங்கியாந்தது. மறுநாள் அந்த ஊருக்குத் திரும்பிப் போயி அங்கயும் ஒரு தடவ புனித நீர் வாங்கிக்கிச்சு. ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிச்சுது. ஆனா அஞ்சு வண்டி பாத்து ஏத்துக்கிட்டோம்னு தாள்ல மூணு கையெழுத்து. மேயரோடது ஒண்ணு, காண்டிராக்டரோடது ஒண்ணு, மூணாவது ஸ்லாதினாவோடது. அன்னிக்கு அவளும்தான் சிரிச்சுக்கிட்டே போட்டா.

மாடிக்குப் போனா. ஜூரோவ் கண்ணாடி முன்னாடி நின்னு கம்பளி மஃப்ளரக் கட்டிக்கிட்டிருந்தாரு. டிவிக்காரங்க சதுக்கத்துக்கு வந்துட்டாங்களாம். கெட்ட மனுசன்னு சொல்ல முடியாது. ஸ்லாதினா அம்மா செத்தப்போ சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவரு. எல்லாத்தையும் நின்னுக்கிட்டே கேட்டாரு.

"செல்லத்தக்கவைங்கறது எந்த வண்டிங்கறதப் பொறுத்தது ஸ்லாதினா. டிராக்டர் போகுதில்ல?"

"தோச்கா டிராக்டர் இல்லைங்களே."

அவருக்குச் சிரிப்பு வரல. கட்டின மஃப்ளர அவுத்து மறுபடி கட்டினாரு. அல்லன்னு எழுதினா அடுத்த நிமிசம் அந்த அஞ்சு வண்டி எங்கன்னு கவர்னர் கேப்பாரு, அத நீ யோசிச்சியான்னாரு. யோசிச்சேன், அதுல என் கையெழுத்தும் இருக்குன்னா. அப்ப உனக்கே தெரியுதே, ரெம்ஸிய வேற வண்டியில அனுப்பு, மூணு மணிக்கும் அதே வரியப் போட்டு வையி, நான் வந்து கையெழுத்துப் போடறேன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. வேற வண்டின்னு ஒண்ணு சதுக்கத்துல இருந்துச்சு. டிவி வண்டி நிக்கறதுக்கு எடம் பண்ணிக்கிட்டிருந்துச்சு.

ரெண்டேகாலுக்குப் போன் அடிச்சுது. நைதென் இல்ல, தோச்காவே பேசினா. ஸ்லாதினா அவ குரலக் கேட்டது அதுதான் முதல் தடவ.

"இவரு ஜன்னல்கிட்ட காவல் நிக்கறாரும்மா, எல்லையில சுங்கக்காரன் நிக்கற மாதிரி. நான் பனிய எடுத்து நக்கிடுவேனாம்."

கிட்னி போனவங்களுக்குத் தண்ணி அளந்துதான் குடிக்கணும். மெஷினுக்குப் போற நாள் தவறிப் போனா அதையும் கொறைக்கணும். நாலு நாளா ஒரு நாளைக்கு ரெண்டு மடக்குல ஓட்டிக்கிட்டிருக்கா. உதடு மரத்துப் போயி, காலு ரெண்டும் தூணு மாதிரி வீங்கிப் போயிருக்கு, நெஞ்சு அப்பப்ப ஒரு அடிய விட்டுட்டு அடிக்குதுன்னா. அதையும் சந்தைக்குப் போயி வந்த கத மாதிரிதான் சொன்னா. அப்புறம் குரலத் தாழ்த்திக்கிட்டா. அவரு இப்பதான் அடுப்புக்கு விறகெடுக்கப் போயிருக்காரு, அவரு வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும்னா.

"நிஜத்தச் சொல்லு தாயி. யாரும் வரப்போறதில்லன்னா சொல்லிடு. லிண்டன் பூ டீ ஒரு பெரிய கோப்பை நிறையப் போட்டு, தேன் விட்டு, அவரோட ஒக்காந்து குடிச்சிட்டுப் படுத்துக்கறேன். வருவாங்கன்னா, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ என்ன சொல்றியோ அதச் செய்யறேன்."

ஸ்லாதினா நோட்டப் பாத்தா. கடிகாரத்தப் பாத்தா. ஜன்னலுக்கு வெளியில எதிர்க் கட்டடமே தெரியல.

"குடிக்காதீங்க. வருவாங்க"ன்னா.

போன வச்சதுக்கப்புறம்தான் அவளுக்கு ஒறைச்சுது. எவன் வருவான்? யாரக் கேட்டுச் சொன்னா? சாகப்போறவ கேட்ட ஒரே ஒரு கோப்பை டீயவும் வேணாம்னு சொல்லியாச்சு. இனிமே வண்டி வரலன்னா தோச்கா நாக்கு வறண்டு சாவா, அதுவும் இவ பேச்ச நம்பி.

மூணு மணி வர்ற வரைக்கும் காத்திருக்கல. புதுத் தாள எடுத்து அடிச்சா. கல்லறைத் தோட்டத்துக்கு வடக்கே உள்ள தெருக்கள் செல்லத்தக்கவை அல்ல. டயாலிசிஸ் நோயாளி ஒருத்தர் சனிக்கிழமையிலேர்ந்து சிக்கிக்கிட்டு இருக்காரு. நகராட்சியால அங்க போக முடியாது. அப்புறம் லூபென் கேட்டதுக்குப் பதிலையும் எழுதணுமில்ல? அதையும் எழுதினா. நவம்பர்ல அஞ்சு வண்டின்னு எழுதிக் கொடுத்தது சரியில்ல, நகரத்துக்கு இருந்தது மூணுதான், கையெழுத்துப் போட்ட மூணு பேருல நானும் ஒருத்தி. மேயர்னு போட்டிருந்த எடத்த காலியா விட்டுட்டு, அதுக்குக் கீழ தன் பேர எழுதினா. ஃபேக்ஸ்ல அனுப்பிட்டா.

அஞ்சு நிமிசத்துல லூபென் போன்ல வந்துட்டான். "அக்கா, இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

இது செல்லாதுக்கா, உங்களுக்கே தெரியும்னான். எனக்கு வார்த்தைதான் வேணும்னு நீதானே சொன்னேன்னு அவ கேட்டா. மூச்சு விட்டான். சரி, கர்னல்கிட்ட காட்டறேன், வண்டிய படை முகாம் கேட்டு வரைக்கும் கொண்டாந்து நிறுத்தச் சொல்றேன், ஆனா கேட்டத் தாண்டணும்னா உங்க மேயர் வாயால ஒரு வார்த்தை வேணும்னான்.

அப்புறம் காத்திருந்தா. அந்தக் காத்திருப்பு இருக்கே, அதத்தான் சொல்ல முடியாது. நைதென் மூணு மணிக்குக் கூப்பிட்டாரு, வண்டி வருதுன்னு தோச்கா சொல்லிச்சு, நெஜம்தானே டூட்டி அம்மான்னாரு. ஆமான்னா. அதுக்கப்புறம் அவரு மன்னிப்புக் கேக்காமயே போன வச்சாரு. நாலு மணிக்கு இருட்டத் தொடங்கிடும், இருட்டினா காத்து இன்னும் ஜாஸ்தியாகும்.

மூணு இருவதுக்கு ஜூரோவ் வந்தாரு. தொப்பியெல்லாம் பனி. கவர்னர் கேமரா முன்னாடியே அவர போன்ல கூப்பிட்டுட்டாராம். கதவச் சாத்தினாரு. சத்தம் போடல.

"திரும்ப வாங்கிக்கறேன்னு ஒரு தாள் அடி. தவறுதலா அனுப்பிட்டேன்னு போடு."

ஸ்லாதினா டைப் மெஷின்ல கை வைக்கல. போன அவரு பக்கமா நகத்தி வச்சா.

"அப்ப நீங்களே தோச்காவக் கூப்பிட்டு டீ குடிக்கச் சொல்லிடுங்க"ன்னா.

அவருக்குப் புரியல. என்ன டீன்னாரு. சொன்னா. பெரிய கோப்பை, தேன், அவரோட ஒக்காந்து, எல்லாத்தையும் அவ சொன்ன மாதிரியே சொன்னா. ஜூரோவ் தொப்பியக் கழட்டினாரு, அதுலேர்ந்து பனி உருகித் தரையில சொட்டிக்கிட்டிருந்துச்சு.

அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. லூபென்தான். வண்டி கேட்டுல நிக்குது, கர்னலும் லைன்ல இருக்காரு, மேயர் இருக்காரான்னான். ஸ்லாதினா ரிசீவர நீட்டினா. அவரு வாங்கிக்கல. அந்த அஞ்சு வண்டி வரிய எடுத்துட்டு மத்தத வச்சுக்கலாமான்னு மெதுவாக் கேட்டாரு.

"அது போயாச்சுங்க. அவங்க கையில இருக்கு."

"என்னக் கவுத்துட்டே."

"நானும் அதுலதான் இருக்கேன். மூணாவது கையெழுத்து."

ரிசீவருக்குள்ள லூபென், ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். கேட்டுல நிக்கற சிப்பாய்ங்க எவ்வளவு நேரம் வேணா நிப்பாங்க, ஆனா வெளிச்சம் நிக்காதே. ஜூரோவ் ஜன்னலப் பாத்தாரு. கேமராக்காரங்க சதுக்கத்துல கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு அவருக்காகக் காத்திருந்தாங்க. ரிசீவர வாங்கினாரு.

"ஜூரோவ் பேசறேன். செல்லத்தக்கவை அல்ல. அனுப்புங்க."

போன வச்சிட்டு எதிர் நாற்காலியில ஒக்காந்தாரு. அது ஸ்லாதினா தூங்கற நாற்காலி, அவ கோட்டு மேலயே ஒக்காந்துட்டாரு. அவளும் எந்திரிக்கச் சொல்லல. டிவிக்காரங்க ஆளனுப்பினாங்க. அப்புறம் வர்றேன்னாரு. போகல.

நாலே முக்காலுக்கு வண்டி மேட்டுத் தெருவுக்குள்ள நுழைஞ்சுதுன்னு ரெம்ஸி வயர்லெஸ்ல சொன்னான். தோச்காவ கம்பளியில சுத்தி ஜன்னல் வழியா இறக்கினாங்களாம். நாலு சிப்பாய்ங்க தூக்கினாங்களாம். கண்ணு தொறந்திருந்துச்சான்னு ஸ்லாதினா கேட்டா. தொறந்திருந்துச்சுன்னான், தொப்பி போடாத சிப்பாய் ஒருத்தன, காது செவந்து போச்சேன்னு திட்டிக்கிட்டே போனாளாம். அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் ஒரு சேதியும் இல்ல. ஒரு தடவ ஜூரோவ் எந்திரிச்சுப் போயி ஹீட்டரத் தொட்டுப் பாத்துட்டு வந்து ஒக்காந்தாரு.

ஆறு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போது நைதென் ஆஸ்பத்திரி வராந்தாவுலேர்ந்து கூப்பிட்டாரு. ஊசி போட்டு மெஷின்ல மாட்டிட்டாங்க, நெஞ்சு சரியா அடிக்குது, நாலு மணி நேரம் ஓடணுமாம், இன்னும் ரெண்டு மணி நேரம் தாமதம் ஆயிருந்தா நான் பொறுப்பில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். பிறகு அவரு, வராந்தா டிவியில மேயர்தான் ராணுவத்த வரவழைச்சாருன்னு ஓடுது, அவருக்கு நன்றி சொல்லணும், எந்த நம்பர்ல கூப்பிடணும்னு கேட்டாரு.

ஜூரோவுக்கும் கேக்கட்டும்னு ஸ்லாதினா ஒலிபெருக்கிப் பொத்தான அமுக்கினா.

"நன்றியெல்லாம் இருக்கட்டும் அய்யா. செல்லத்தக்கவைன்னு நாங்க எழுதிக்கிட்டே இருந்ததுக்கு விசாரணைன்னு வருவாங்க, வந்தே தீருவாங்க. முதல் தடவ எங்கள எப்ப கூப்பிட்டீங்கன்னு கேப்பாங்க. அத மட்டும் சரியாச் சொல்லணும்."

"அதத்தான் நீங்க எழுதிக்கிட்டீங்களே அம்மா."

"நான் எழுதினது இருக்கட்டும். நீங்களும் சொல்லுங்க. இப்ப ஒரு தடவ சொல்லுங்க, கேக்கறேன்."

"சனிக்கிழமை காலைல ஏழு மணி பத்து நிமிசம்"னாரு நைதென்.

ஜூரோவ் தொப்பிய மடியில வச்சுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு.