பல் டாக்டரின் பின்சுவர்

பதினொரு வீடுகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது அந்த மனை. கைவண்டி மட்டுமே நுழையும் சந்துதான் வழி. மடக்கிய முழங்கால்போல நடுவில் வளைந்த நிலம். உள்ளே இடுப்பளவு புதர், உடைந்த பீங்கான், துருப்பிடித்த கட்டில். அதைத்தான் பஸ் டிரைவரும் அவர் மனைவியும் வீடு கட்ட வாங்கியிருந்தார்கள்.

"எவ்வளவு குறுகலான தெருவுலயும் பஸ்ஸைத் திருப்பியிருக்கேன் மேடம். இங்க வீட்டை எப்படித் திருப்பறதுன்னுதான் தெரியல" என்றார் டிரைவர்.

ஆர்க்கிடெக்ட் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் கலக்கம். எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தாலும் யாரோ ஒருவரின் குளியலறை தெரிந்தது. நான்கு முறை வரைந்தாள். நான்கும் இருட்டுக் கிடங்காகவே வந்தன. வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடத்தான் ஒருநாள் காலையிலேயே அங்கே போனாள். லீவு போட்டு வருவதாகச் சொன்ன டிரைவர் வரத் தாமதமானது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

எட்டரை இருக்கும். மடியிலிருந்த தாள் திடீரென்று பளிச்சிட்டது. நிமிர்ந்தாள். சூரியன் கிழக்கு வீடுகளை இன்னும் தாண்டவில்லை. ஆனால் மேற்கே நின்ற மூன்று மாடிக் கட்டடத்தின் வெள்ளைப் பின்சுவர், ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவர், மேல்பாதி முழுக்க ஒளிர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து வெளிச்சம் இறங்கிப் புதரின் ஒவ்வோர் இலையையும் தனித்தனியாகத் தொட்டது. பின்னால் வந்து நின்ற டிரைவரிடம், "கொஞ்சம் பேசாம இருங்க" என்று மட்டும் சொன்னாள். அண்ணாந்து பார்த்த அவர் திறந்த வாயை மூடவில்லை.

வளைவில் முற்றம் விட்டு, கூரையை அந்தச் சுவரை நோக்கி உயர்த்தி, உச்சியில் நீளமாக ஒரு ஜன்னல் வைத்து வரைந்தாள். வேலை முடியப்போகும் வாரத்தில் ஒரு காலை, கூடத்தின் பாதி மங்கிக் கிடந்தது. வெளியே ஓடிப் பார்த்தாள். கயிற்றில் தொங்கியபடி ஒரு பெயின்டர் பின்சுவருக்குக் காபி நிறம் அடித்துக்கொண்டிருந்தார்.

தெருவைச் சுற்றி ஓடினாள். கட்டடத்தின் உரிமையாளர் பல் டாக்டர், கீழ்த்தளத்தில் கிளினிக்.

"என் சுவருக்கு நான் பெயின்ட் அடிக்கக் கூடாதாம்மா?"

"தாராளமா அடிங்க டாக்டர். ஒரே ஒரு தடவ எங்க பக்கம் வந்து பாத்துட்டு அடிங்க."

"பேஷன்ட் வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருக்கார்!"

ஆனாலும் கையுறையோடு வந்தார். கூடத்தில் நின்றார். ஒரு பாதி மங்கல். மறு பாதி பால் ஊற்றியதுபோல் வெளிச்சம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடந்தார், திரும்பி நடந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை நீட்டிப் பார்த்தார்.

"இருபது வருஷமா என் வீட்டுப் பின்பக்கத்த நான் பாத்ததே இல்ல. இது... என் சுவரா பண்ணுது?"

"தினமும் உங்களத்தான் வாழ்த்திக்கிட்டு இருக்கோம். உங்களுக்குத்தான் தெரியாது" என்றாள், வேலையைப் பார்க்கத் தினமும் அங்கே வரும் டிரைவரின் மனைவி.

டாக்டர் முற்றத்துக்குப் போய் அண்ணாந்து கத்தினார்: "நிறுத்துப்பா! வெள்ளையே அடி!"

"மூணு வாளி கலந்து வச்சிட்டேனே சார்!"

"கிளினிக் உள்ள அடிச்சுத் தொலை!"

குடிவந்த முதல் வாரமே டிரைவர், பல வருடங்களாகப் பார்த்துவந்த காலை ஷிப்டை மாற்றிக் கேட்டார். மேலாளர் காரணம் கேட்டபோது, "வீட்டுக்கு வெளிச்சம் வருது சார்" என்றாராம், ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவதைச் சொல்வதுபோல.