இன்ஸ்பெக்டர் லேட்டாகத்தான் வர வேண்டும்

டைரக்டர் வாசு தன் படத்தின் கதையை முதல் நாளே சொல்லிவிட்டான். ஒளிவு மறைவே இல்லை. பார்க்க லட்சணமான ஒரு திருடன். இனிக்க இனிக்கப் பேசி ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைகிறான். எல்லாரையும் மயக்கி, நகைகளைப் பையில் வாரிக்கொண்டு கடல் தாண்டிப் போகும் பட்டர்வொர்த் ஃபெரியில் ஏறிக் கம்பி நீட்டுகிறான். இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஓடி வரும்போது ஃபெரி கிளம்பிவிடுகிறது. சிரிப்புப் படம். திருடனாக நடிக்கப்போவதும் வாசுதான்.

பாயான் பாரு ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில் நடிக்க ஆசைப்பட்டுக் கூடியிருந்த குடித்தனக்காரர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். துளசிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சரக்கில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்து, ஒரு பொருள் அளவுக்கு மீறிப் பளபளத்தாலே அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வாசு பளபளத்தான். ஒரு தடவை கேட்ட பெயரை மறக்க மாட்டான். எதிரே வருகிறவர்களை எல்லாம் "பசியாறிட்டீங்களா?" என்று விசாரிப்பான். துளசியின் மாமியார் லெட்சுமியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா வேசம் உங்களுக்குச் சரியா வராதுக்கா. கல்யாணப் பொண்ணோட அக்காவா வந்திருங்க" என்றான். அறுபத்திரண்டு வயது லெட்சுமிக்கு உச்சி குளிர்ந்துபோனது. துளசியின் கணவன் குணாளனுக்குக் கான்ஸ்டபிள் வேடம். தான் வேலை செய்யும் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் பாக்கியிருந்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று மீசையை முறுக்கினான். போன மாதம் பாத்ரூம் குழாய் ஒழுகியபோது லீவே இல்லை என்று சாதித்தவனும் இவன்தான்.

இதையெல்லாம்கூடத் துளசி பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால், கவரிங் நகை கேமராவில் பல்லிளிக்கும், அசல் தங்கம்தான் வேண்டும் என்று வாசு சொன்னதும், யார் வீட்டு நகை பெரிது என்று ஃபிளாட்டில் போட்டியே நடந்தது. குணாளன் கேட்காமல் கொள்ளாமல் அலமாரியைத் திறந்து துளசியின் அட்டிகையை எடுத்துக் கொடுத்துவிட்டான். அவள் அம்மா சாவதற்கு முந்திய வாரம் தன் கையால் அவள் கழுத்தில் போட்டுவிட்ட அட்டிகை. அம்மாவுடையது என்று அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"கதையிலேயே சொல்றான்லா, நகையோட ஓடிருவேன்னு! உங்களுக்கெல்லாம் காது கேக்கலையா?" என்று கத்தினாள் துளசி.

"அது கதை. கதைக்கும் நெசத்துக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்றான் குணாளன்.

"அவளுக்கு வேசம் கிடைக்கலேன்னு வயித்தெரிச்சல்," என்றாள் லெட்சுமி.

துளசிக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போலீஸில் சொல்லலாம் என்றால், இன்னும் எதுவும் திருட்டுப் போகவில்லையே! மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாசுவிடமே போய், "எனக்கும் ஒரு வேசம் குடுங்க தம்பி" என்றாள். அட்டிகையின் பக்கத்திலேயே இருக்க வேறு வழி தெரியவில்லை.

வாசுவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இன்ஸ்பெக்டர் உடுப்பை எடுத்து நீட்டினான். "உங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்குக்கா. ஆனா ஒண்ணு, கடைசி சீன்ல நீங்க லேட்டாத்தான் வரணும்."

கடைசி சீன் ஞாயிற்றுக்கிழமை காலை, ஃபெரித் துறையில். ஃபிளாட்டே பட்டுச்சேலையும் வேட்டியுமாக வந்து நின்றது. கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் ஹஸ்ருல் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு தயாரானான். கதைப்படி, அக்காக்காரி ஏமாந்துபோய் நகைப் பையைத் தன் கையாலேயே திருடனிடம் கொடுக்க வேண்டும். லெட்சுமி சிரித்த முகத்தோடு கொடுத்தாள்.

தூணுக்குப் பின்னால் நின்ற துளசி, 'ஆக்‌ஷன்' வரும்வரை காத்திருக்கவில்லை. ஓடினாள். வாசு கேட்டைத் தாண்டுவதற்குள் ஒரு கையால் அவன் சட்டைக் காலரையும் மறு கையால் பையையும் பிடித்துவிட்டாள்.

"திருடன்! நெசத் திருடன்லா! பிடிங்க!"

கூட்டம் கைதட்டியது. ஃபெரிக்கு வந்த பயணிகள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். காவலாளி கேமராவைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். வாசுவுக்கு வேர்க்கக்கூட இல்லை. "நடிப்பு பிரமாதம்க்கா. ஆனா கதைப்படி நீங்க இன்னும் வரல," என்றான்.

"ஐயோ, படத்தைப் பாழாக்கிட்டாளே!" என்று லெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

குணாளன் பாய்ந்து வந்து மனைவியை இடுப்போடு சேர்த்துத் தூக்கினான். பையைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "மன்னிச்சுக்குங்க சார்! நான் இவளைப் பிடிச்சுக்கிறேன், நீங்க போங்க! ஃபெரி கிளம்பப் போவுது!"

வாசு போனான். ஃபெரியிலிருந்து கையசைத்தான். எல்லாரும் கையசைத்தார்கள்.

அந்த ஃபெரி திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வாசு வரவில்லை. போனும் அணைத்துக் கிடந்தது. லெட்சுமி தலையிலிருந்த பூவைப் பிய்த்து எறிந்தாள்.

"அந்தப் பக்கம் ஜாம் போல," என்றான் குணாளன்.

கடலில் ஜாமாம்! துளசி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தாள். ஹஸ்ருல் கேமராவோடு பின்னால் வந்தான்.

அங்கே காமாரியா என்ற அதிகாரி, முதலில் துளசி போட்டிருந்த போலீஸ் உடுப்பைப் பற்றித்தான் அரை மணி நேரம் விசாரித்தார். பிறகு ஹஸ்ருல் எடுத்த படத்தை ஓடவிட்டார். மனமாரப் பையைக் கொடுக்கும் லெட்சுமி. கைதட்டும் கூட்டம். திருடனைப் பிடித்த ஒரே ஒருத்தி. அவளைத் தூக்கிக்கொண்டு, திருடனைப் போகச் சொல்லும் ஒரு கான்ஸ்டபிள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தினார்.

"இந்த ஆள் அவனுடைய கூட்டாளியா?" என்று துளசியிடம் மலாய் மொழியில் கேட்டார்.

குணாளனின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக, துளசி என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு அவன் நின்றான்.