எலிஃபேத்தின் கால் ஆண்ட இடுகாடு

எங்கள் ஊர் இடுகாட்டின் வரலாறு ஒரு முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. கரும்பு பிழியும் ஆலையில் எலிஃபேத்தின் வலது கால் நசுங்கி, அதை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் ஊர் கூடிப் புது இடுகாட்டுக்கு வேலி போட்டிருந்தது. ஆர்வக்கோளாறு யாரை விட்டது? காலுக்குப் பெட்டி செய்து, மேளம் வைத்து, ஊரே அழுதுகொண்டு போய்ப் புதைத்தோம். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரையும் விடச் சத்தமாக அழுதவன் எலிஃபேத்தான்.

ஹைத்தி முழுக்க உள்ள வழக்கம் இது: ஓர் இடுகாட்டில் முதலில் புதைபடும் ஆண்தான் அதற்குப் பாரோன், அங்கே படுத்திருக்கும் எல்லாருக்கும் தலைவர். பெரிய சிலுவை அவருக்கு. கல்லறைத் திருநாளில் முதல் சாராயமும் அவருக்கு. இதுவும் ஓர் ஆண்பிள்ளையின் கால்தானே என்று சிலுவையை அதன் மேல் நட்டுவிட்டோம். அன்றிலிருந்து எலிஃபேத்துக்குத் தலைகால் புரியவில்லை. தன்னைக் கேட்காமல் யாரையும் புதைக்கக் கூடாது என்றான். கேட்க வருபவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது என்றான்.

அடுத்த மாதம் கிளெர்மீனின் கணவர் வெர்டியே இறந்தார். முழு ஆளாக அங்கே போன முதல் மனிதர். தன் புருஷன் ஒரு காலுக்கு அடங்கிக் கிடப்பதா என்று கிளெர்மீன் கொதித்தாள். நியாயம் அவள் பக்கம்தான். எங்களுக்குத்தான் நட்ட சிலுவையைப் பிடுங்கப் பயம்.

திருநாளன்று பாரோனுக்கான சாராயத்தோடு கிளெர்மீன் வந்தாள். வழக்கப்படி பாட்டில் நிறைய மிளகாய் ஊறியது அது. பாரோனைத் தவிர வேறு யார் தொண்டையிலும் இறங்காது. நேரே எலிஃபேத்திடம் நீட்டினாள்.

"நீங்கதான பாரோன், அண்ணே? குடிங்க."

ஊரே பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? ஒரு வாய் குடித்தான். அடுத்த நொடி ஊன்றுகோலைக்கூட மறந்து, ஒற்றைக் காலில் ஓடைவரை துள்ளிப் போனான். இரண்டு கால் உள்ளவர்கள் யாரும் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

சிலுவையைப் பிடுங்கி வெர்டியேயின் தலைமாட்டில் நட்டோம். முதல் சாராயத்தை ஊற்றக் கிளெர்மீன் பாட்டிலைச் சாய்த்தாள். கை பாதியில் நின்றுவிட்டது. ஜெயித்தவள் முகம் இப்படி வாடுவானேன் என்று எனக்கே பாவமாக இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"குழம்புல ஒரு மிளகாய் கிடந்தாலே இந்த மனுஷன் அழுதுடுவாரு. வருஷா வருஷம் இதையா இவருக்கு ஊத்துறது?"

அவள் பாட்டிலை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"சிலுவைய அந்தக் கால் மேலயே நட்டுடுங்க. அதுக்குத்தான் நாக்கு இல்ல."